குழந்தை, வளரிளம் பருவ மருத்துவ உளவியலர் பயிற்சி: ஒரு விமர்சன நோக்கு

மனநலக் குறைபாடுகளையும் நடத்தைச் சிக்கல்களையும் உளவியல் முறைகளைக் கொண்டு கண்டறிந்து, மதிப்பிட்டு, சிகிச்சை அளிக்கும் துறை மருத்துவ உளவியல் எனப்படும். இத்துறையில் உரிய பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவரே மருத்துவ உளவியலர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரே மக்களிடம் மிகுதியும் வழங்குகிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலர் மருந்து எழுதுவதில்லை. நேர்காணல், உளவியல் சோதனைகள், பேச்சுவழி சிகிச்சை, நடத்தைப் பயிற்சி, பெற்றோருக்கான வழிகாட்டல் ஆகியவை அவருடைய கருவிகள்.

பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரிடம் இப்பணியைச் செய்ய விரும்புவோர் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகிறார்கள், அப்பயிற்சி போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியாவில் நடைமுறையில் உள்ள எம்.ஃபில். மருத்துவ உளவியல் பயிற்சியே இங்கு முதன்மைப் பொருள். ஒப்பீட்டுக்காக அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் முறைகள் சுருக்கமாகக் குறிப்பிடப்படுகின்றன.

உறைவிடப் பயிற்சி என்பது என்ன?

மருத்துவமனையிலோ மனநல நிலையத்திலோ முழுநேரமாகத் தங்கி, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் உண்மையான நோயாளிகளைப் பார்த்துக் கற்பதே உறைவிடப் பயிற்சி. புத்தகத்தில் படித்ததைக் கைப்பழக்கமாக மாற்றும் காலம் இது. மருத்துவப் படிப்பில் இம்முறை நெடுங்காலமாக உண்டு. மருத்துவ உளவியலும் இதைத் தனக்கு ஏற்ப எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் மருத்துவ உளவியல் முனைவர் பட்டத்துக்குப் படிப்போர், பட்டம் பெறுமுன் ஓராண்டு முழுநேரப் பயிற்சியை முடிக்க வேண்டும். அங்கு அதன் பெயர் இன்டெர்ன்ஷிப். கனடாவில் இதையே ரெசிடென்சி என்கிறார்கள். கனடிய உளவியல் சங்கம் அதற்கு 1,600 மணி நேரத்தை வரையறுத்துள்ளது. இரு நாடுகளின் தர விதிகளும் பயிற்சியாளருக்கு வாரத்தில் குறைந்தது நான்கு மணி நேர மேற்பார்வை கிடைக்க வேண்டும் என்கின்றன. ஒட்டாவாவின் சியோ, ஹாலிஃபாக்ஸின் ஐ.டபிள்யூ.கே. போன்ற குழந்தைகள் மருத்துவமனைகளில் குழந்தை உளவியலுக்கென்றே ரெசிடென்சி இடங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் மூன்றாண்டு முனைவர் பயிற்சியின்போது பயிற்சியாளர் தேசிய சுகாதாரப் பணியின் ஊழியராகச் சம்பளம் பெறுகிறார். குழந்தைகள், பெரியவர், முதியோர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர் எனப் பல பிரிவினரிடமும் பணிபுரிகிறார்.

ஓர் ஆசிரியை தொடங்கி வைத்த துறை

மருத்துவ உளவியலின் தொடக்கம் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் இருந்தது. 1896ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் மார்கரெட் மகுவயர் என்னும் பள்ளி ஆசிரியை, பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் தம் மாணவன் ஒருவனைக் கொண்டுவந்தார். பையனுக்கு வயது 14. மற்றவற்றில் குறைவில்லை; எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவில்லை. உளவியல் என்பது மனத்தைப் பற்றிய அறிவியல் என்றால், இந்தப் பிள்ளைக்கு அது உதவ வேண்டாமா என்பதே அந்த ஆசிரியையின் கேள்வியின் சாரம். விட்மர் சோதித்தபோது பையனுக்குப் பார்வைக் குறைபாடும் இருப்பது தெரிந்தது. கண்ணாடி அணிவித்து, தனிப் பயிற்சியும் தரப்பட்டது.

அதே ஆண்டில் விட்மர் தொடங்கிய நிலையமே உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையமாகக் கருதப்படுகிறது. 1907இல் அவர் தொடங்கிய இதழில் எழுதிய கட்டுரை வழியாகவே மருத்துவ உளவியல் என்ற பெயர் நிலைபெற்றது. பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளே அவரிடம் பெரும்பாலும் வந்தனர்.

பின்னர் திசை மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், போரில் இருந்து திரும்பிய படைவீரர்களின் மனநலத் தேவைக்காக 1946 முதல் அமெரிக்க அரசு மருத்துவ உளவியல் பயிற்சிக்குப் பெரும் பணம் ஒதுக்கியது. 1949இல் போல்டர் நகரில் கூடிய மாநாடு பயிற்சியின் பொது வடிவத்தை வகுத்தது. பெரியவரே அந்தப் பயிற்சியின் நடுப்புள்ளி ஆனார். குழந்தைகளுக்கான பயிற்சியைத் தனியே பேசுவதற்கு 1985இல் ஹில்டன் ஹெட் என்ற இடத்தில் ஒரு மாநாடு கூட்ட வேண்டியிருந்தது. மருத்துவக் குழந்தை உளவியலைத் தனிச் சிறப்புப் பிரிவாக அமெரிக்க உளவியல் சங்கம் ஏற்றது 1998இல்தான். விட்மரின் நிலையத்துக்கும் இதற்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

இந்தியப் பயிற்சி பெரியவரை மையமாகக் கொண்ட இந்த இரண்டாம் கட்டத்தின் வாரிசு. அதன் குறையைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு தேவைப்படுகிறது.

இந்தியப் பயிற்சி முறை

பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு மருத்துவ, சமூக உளவியலுக்கான பட்டயப் படிப்பு தொடங்கியது. இந்நிறுவனமே 1974இல் மைசூர் அரசு மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. பட்டயப் படிப்பு பின்னர் எம்.ஃபில். ஆயிற்று. ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனமும் 1960களில் இப்பயிற்சியைத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்.சி.ஐ., இப்படிப்புக்குப் பாடத்திட்டம் வகுத்து, நிறுவனங்களுக்கு ஒப்புதல் தந்து, படித்து முடித்தவரை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிகிறது.

உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் நுழைவுத் தேர்வு எழுதி இதில் சேரலாம். காலம் இரண்டு ஆண்டுகள், முழுநேரம். வகுப்பு, நோயாளி வரலாறு எழுதுதல், உளவியல் சோதனை, சிகிச்சை, ஆய்வேடு ஆகிய அனைத்தும் இதில் அடக்கம். தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், சில மருத்துவப் பல்கலைக்கழகங்கள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலியவற்றில் இப்படிப்பு நடந்துவருகிறது.

பெயர் எம்.ஃபில். ஆனாலும் இது உண்மையில் உறைவிடப் பயிற்சியே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி உள்ள இரண்டாண்டு முழுநேரப் படிப்பைக் குறிப்பிடுகிறது. கண்காணிப்பில் செய்து கற்ற பணியே இத்தொழிலின் அடையாளம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. இது பாராட்டத்தக்கது. தபால் வழியிலும் வார இறுதி வகுப்பிலும் உளவியலர் பட்டம் விற்கப்படும் காலத்தில் இந்த வரையறை ஒரு வேலி.

வேலிக்குள் என்ன விளைகிறது என்பதே நம் கேள்வி.

பாடத்திட்டத்தில் குழந்தையின் இடம்

நெடுங்காலம் வழக்கில் இருந்த எம்.ஃபில். பாடத்திட்டத்தின் எழுத்துத் தேர்வுத் தாள்களைப் பாருங்கள். நடத்தையின் உளவியல், சமூக அடிப்படைகள், புள்ளியியலும் ஆய்வு முறையும், மனநல மருத்துவம், நடத்தையின் உடலியல் அடிப்படைகள், உளசிகிச்சையும் ஆலோசனையும், நடத்தை மருத்துவம். இந்த ஆறு தலைப்புகளில் ஒன்றிலும் குழந்தை என்ற சொல் இல்லை. குழந்தைப் பருவக் குறைபாடுகள் இடம்பெறவில்லை என்று சொல்ல முடியாது. அவை இந்தத் தாள்களுக்குள் அலகுகளாகவும், செய்முறையில் சில சோதனைகளாகவும் வருகின்றன. குழந்தைகள் பிரிவில் எத்தனை வாரம், பள்ளியில் எத்தனை நாள் என்பது நடைமுறையில் பயிலும் நிறுவனத்தின் வசதியைப் பொறுத்தே அமைகிறது.

நிம்ஹான்ஸில் குழந்தை, வளரிளம் பருவ மனநல மருத்துவத்துக்கெனத் தனித் துறையும் உள்நோயாளிப் பிரிவும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் தங்கியிருக்கும் முறை நெடுநாளாக உள்ளது. அங்குள்ள நம்பிக்கை நிலையம் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பயிற்றுவிக்கிறது. இத்தகைய இடத்தில் படித்தவர் நிறையக் குழந்தைகளையும் குடும்பங்களையும் பார்த்திருப்பார். பொது மனநலப் பிரிவு மட்டுமே உள்ள நிறுவனத்தில் படித்தவர் மனச்சிதைவு, மதுப்பழக்கம், பெரியவரின் மனச்சோர்வு ஆகியவற்றிலேயே பெரும்பகுதி நாட்களைக் கழித்திருப்பார். இருவருக்கும் கிடைப்பது ஒரே பட்டம், ஒரே பதிவேட்டில் ஒரே வகை எண். குழந்தையை அழைத்துவரும் பெற்றோருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் 18 வயதுக்கு உட்பட்டோர். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் மூவர் என்று கொள்ளலாம். இவ்வளவு பேருக்கான பயிற்சியை நிறுவனத்தின் வசதிக்கு விட்டுவிடுவது பொருந்தாது.

இங்கு ஓர் ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளியில் தங்கிப் பயில 20 வாரங்களை ஒதுக்கின. அந்த 20 வாரங்களும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது வேறு கேள்வி. எழுதப்பட்ட எண் ஒன்று இருப்பதால், நடக்காவிட்டால் கேட்க முடியும். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருபவருக்கு இத்தனை வாரம் என்று கணக்கு வைத்த நாம், பிள்ளையின் மனத்தைச் சோதித்துச் சான்று எழுதுபவருக்கும் அப்படி ஒரு கணக்கை வைக்க வேண்டும்.

குழந்தை என்பவர் சிறிய பெரியவரா?

பொதுப் பயிற்சி பெற்றவர் குழந்தைகளையும் பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். வேறுபாடுகளைப் பார்த்தால் விடை தெரியும்.

பெரியவர் தானே சிகிச்சைக்கு வருகிறார். குழந்தை கொண்டுவரப்படுகிறது. முறையிடுபவர் தாய், தந்தை, ஆசிரியர், சில வேளை காவல்துறையினர். அவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று முரண்படும். வீட்டில் அடங்காதவன் பள்ளியில் சாதுவாக இருப்பான். வகுப்பில் வாயே திறக்காதவள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பளிப்பது உளவியலரின் வேலை ஆகாது. இரண்டு இடத்திலும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்று அறிய வேண்டும். மனச்சோர்வு உற்ற பெரியவர் வருத்தத்தைச் சொல்வார். பிள்ளையிடம் அது எரிச்சலாகவும், காலையில் பள்ளி கிளம்பும்போது வரும் வயிற்றுவலியாகவும், குறைந்துபோன மதிப்பெண்ணாகவும் வெளிப்படக்கூடும். ஐந்து வயதுப் பிள்ளையோடு பேச விளையாட்டே மொழி. பதினைந்து வயதுப் பிள்ளையோடு பேசும்போது, எதைப் பெற்றோரிடம் சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்ற கேள்வி முதல் நாளிலேயே எழும்.

வார்டில் ஐம்பது பெரியவர்களைப் பார்த்த பழக்கம் இங்கே ஓரளவே கைகொடுக்கும். இது நாற்காலியில் அமர்ந்து கேட்பதோடு முடியாத வேலை. பெற்றோருக்குச் செய்து காட்ட வேண்டும். ஆசிரியரோடு பேச வேண்டும். பிள்ளையோடு தரையில் உட்கார வேண்டும்.

சட்டம் கேட்பதும் பயிற்சி தருவதும்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த சட்டங்கள் மருத்துவ உளவியலரின் கையில் குழந்தைகளின் எதிர்காலத்தை ஒப்படைத்துள்ளன. பயிற்சி அந்த வேகத்தில் வளர்ந்ததாகத் தெரியவில்லை. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, இளைஞர் நீதிச் சட்டம், 2015. கொடுங்குற்றம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையுள்ளவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்யுமுன், இளைஞர் நீதிக் குழுமம் பதினைந்தாம் பிரிவின்படி முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் சிறுவனின் மன, உடல் ஆற்றல், விளைவை உணரும் திறன், சூழ்நிலை ஆகியவை அதில் ஆராயப்படும். குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லையென்றால், அனுபவமுள்ள உளவியலர் முதலியோரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு சிறுவன் சிறார் நீதிமுறையிலேயே இருப்பதா, பெரியவருக்கான வழக்கு விசாரணைக்குப் போவதா என்பதில் உளவியலரின் அறிக்கைக்குப் பங்கு உண்டு. பயிற்சிக் காலத்தில் வளரிளம் பருவத்தினர் நான்கைந்து பேரையே பார்த்திருக்கும் ஒருவர் இந்த அறிக்கையை எழுத நேரலாம்.

இரண்டாவது, போக்சோ சட்டம், 2012. ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், கேட்டவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பத்தொன்பதாம் பிரிவு. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். ரகசியம் காப்பேன் என்று வாக்களித்து நம்பிக்கை பெறுவது உளவியலரின் தொழில்முறை. இரண்டும் மோதும் இடத்தில் பிள்ளையிடம் எப்போது, எந்தச் சொற்களில் விளக்குவது என்பதை மூத்தவர் பக்கத்தில் இருக்க, செய்துதான் கற்க முடியும்.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2018இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியிலேயே முதல் சல்லடை தொடங்க வேண்டும். பிறகு குழந்தை மருத்துவர் கண், காது முதலியவற்றைப் பார்ப்பார். உளவியலர் நுண்ணறிவுச் சோதனை செய்வார். அதன்பின் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. விட்மரிடம் சென்ற பையனின் கதையில் வந்த அதே வரிசை! இச்சான்றின் பேரில்தான் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கின்றன. தவறாக எழுதப்பட்டால் உரியவருக்குக் கிடைக்காமல் போகும். தேவையற்றவர் மீது ஒரு முத்திரை விழும்.

சோதனையும் மொழியும்

பயிற்சியின் போதாமை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் உளவியல் சோதனைகள். நம் நிலையங்களில் இன்றும் பயன்படும் பினே-காமத் நுண்ணறிவுச் சோதனை, அமெரிக்காவில் 1916இல் வெளியான ஒரு திருத்தப் பதிப்பைத் தழுவியது. வி. வி. காமத் 1930களில் கன்னட, மராத்திப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அதை நம் நாட்டுக்கு ஏற்ப அமைத்தார். மாலின் என்பவர் நாக்பூரில் தழுவி அமைத்த மற்றொரு சோதனையின் மூலம் 1949ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்காலத்தில் இவை அரிய உழைப்பு. ஆனால் இத்தனை பத்தாண்டுகளுக்குப் பின் அதே அளவுகோலால் இன்றைய பிள்ளையை அளந்தால் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதைப் பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும். எண்ணை மட்டும் எழுதக் கற்றவர் அந்த எண்ணை நம்பிவிடுவார்.

அடுத்தது தமிழ். நம் பிள்ளைகள் பேசுவது ஒரு தமிழ். படிப்பது வேறொரு தமிழ். வீட்டில் “வந்துட்டிருக்கான்” என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் “வந்துகொண்டிருக்கிறான்” என்று படிக்கிறது. சோதனைக் கேள்வியை எழுத்துத் தமிழில் கேட்டால் ஒரு விடையும், பேச்சுத் தமிழில் கேட்டால் வேறொரு விடையும் வரக்கூடும்.

எழுத்துப் பிழையிலும் இதே சிக்கல். ர, ற, ன, ண, ந, ல, ள, ழ ஆகியவற்றை மாற்றி எழுதாத பிள்ளை தமிழ்நாட்டு வகுப்பறையில் அரிது. பேச்சில் இவ்வொலிகள் பல வட்டாரங்களில் ஒன்றாகிவிட்டதால் வரும் பிழை இது, பெரியவர்களும் செய்கிறார்கள். இதை வைத்து மட்டும் கற்றல் குறைபாடு என்று கருதினால் பாதி வகுப்புக்குச் சான்று எழுத வேண்டியிருக்கும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை மூன்றாம் வகுப்பு முடிந்தும் பிடிக்க இயலாமை, கொம்பும் காலும் இடம் மாறுதல், சொல்லின் நடுவே எழுத்தை விட்டுவிடுதல், நேற்றுச் சரியாகப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் திணறுதல், வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாக விடை சொல்லுதல் ஆகியவை சேர்ந்து வரும் பிள்ளையே கவனிக்கப்பட வேண்டியவர். சாதாரணப் பிழை எது, அசாதாரணப் பிழை எது என்று அறிய, சாதாரணப் பிள்ளைகள் நாற்பது பேரின் நோட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குச் சாதாரணப் பிள்ளைகள் வருவதில்லை. அவர்கள் இருக்கும் இடம் பள்ளி.

வகுப்பறையில் இருந்து பார்த்தால்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலை வகுப்புகளில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். மாணவர் சிலரின் பெற்றோர் உளவியல் அறிக்கைகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியிருக்கிறார்கள். எங்கிருந்து வந்தவை என்பது இங்கு முக்கியமில்லை. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். சோதனையின் பெயர், ஓர் எண், குறைபாட்டின் பெயர், பள்ளி ஒத்துழைக்க வேண்டும் என்ற ஒரு வரி. எதில் ஒத்துழைப்பது? முதல் வரிசையில் உட்கார வைப்பதா, கரும்பலகையில் இருப்பதை அச்சிட்டுத் தருவதா, சத்தமாகப் படிக்கச் சொல்லாமல் விடுவதா, வீட்டுப்பாடத்தைக் குறைப்பதா? அறிக்கை எழுதியவரிடம் இருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஒருமுறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. பயிற்சியில் இருந்த ஓர் இளம்பெண் பள்ளிக்கே வந்தார். அனுமதி பெற்று, கடைசி பெஞ்சில் இரண்டு பாடவேளை உட்கார்ந்திருந்தார். அந்த மாணவன் எந்த இடத்தில் கவனத்தை விடுகிறான் என்று குறித்துக்கொண்டார். பிறகு ஆசிரியர் அறையில் கால் மணி நேரம் தமிழில் பேசினார். நீண்ட கட்டுரை வினாவை நான்கு சிறு வினாக்களாக உடைத்துக் கொடுத்துப் பாருங்கள் சார் என்றார். அதைச் செய்ய எந்தச் செலவும் இல்லை. பாதிப் பக்கத்தோடு நிறுத்திவிடும் பையன் அந்தப் பருவத் தேர்வில் விடைத்தாளை முடித்துக் கொடுத்தான். அவரை அனுப்பிய மேற்பார்வையாளர் பள்ளிக்குப் போய்வா என்று சொல்லியிருக்கிறார்; அவ்வளவுதான் வேறுபாடு. அது ஒரு மேற்பார்வையாளரின் நல்லெண்ணமாக நின்றுவிடாமல் விதியாக வேண்டும்.

இது புதிய கருத்தும் இல்லை. நிம்ஹான்ஸில் பணியாற்றிய மாளவிகா கபூர் பள்ளி மனநலத்தைப் பற்றி ஆராய்ந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, 1997இல் இந்தியப் பள்ளிகளின் மனநலம் குறித்து நூலும் வெளியிட்டார். வழி காட்டப்பட்டுவிட்டது. எல்லாப் பயிற்சி நிறுவனங்களுக்கும் அது கட்டாயம் ஆகவில்லை.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: நாட்டில் மருத்துவ உளவியலர்களே மிகக் குறைவு. இந்நிலையில் பயிற்சியை மேலும் கடினமாக்கினால் எண்ணிக்கை இன்னும் குறையும். இதில் நியாயம் உண்டு. அமெரிக்காவிலும் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்டெர்ன்ஷிப் இடங்கள் போதாமல், விண்ணப்பித்தவரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்காத நெருக்கடி ஏற்பட்டது. இடங்கள் பெருகிய பின்னரே அது தணிந்தது. வெளிநாட்டு முறையை அப்படியே கொண்டுவருவது தீர்வாகாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இங்கு கேட்கப்படுவது மூன்றாவது ஆண்டு அன்று. இருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் பங்கீட்டை எழுதி வையுங்கள் என்பதே.

இரண்டாவது எதிர்வாதம்: முதலில் பொதுப் பயிற்சி, பிறகு சிறப்புப் பயிற்சி என்பதே சரியான வரிசை. கொள்கை அளவில் இதை மறுக்க முடியாது. மனநல மருத்துவர்களுக்கு அப்படித்தான் உள்ளது, எம்.டி. முடித்தவர் குழந்தை மனநலத்தில் டி.எம். படிக்கலாம். எம்.ஃபில். முடித்த உளவியலரில் பெரும்பாலோருக்கு அதற்கு இணையான இரண்டாம் படி எளிதில் கிடைப்பதில்லை. படித்து முடித்த மறுமாதமே சிறப்புப் பள்ளியிலோ குழந்தை வளர்ச்சி மையத்திலோ வேலைக்குச் சேர்கிறார்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் சுவாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் உளவியலருக்கு இடம் உண்டு. இரண்டாம் படி இல்லாத ஏணியில் முதல் படியையாவது உறுதியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம்: எல்லா நிறுவனங்களிலும் குழந்தைகள் பிரிவு இல்லை. உண்மை. அப்படியானால் பயிற்சியாளரை அப்பிரிவு உள்ள இடத்துக்குச் சில வாரங்கள் அனுப்பலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட இடையீட்டு மையம், சிறப்புப் பள்ளி, அரசுப் பள்ளி என்று மாவட்டந்தோறும் இடங்கள் உள்ளன.

செய்யத்தக்கவை

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஒழுங்குமுறைகளின் வழியாக எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு அளித்தது. மாற்றுப் படிப்புகளை மறுவாழ்வுக் குழுமம் வகுத்துவருகிறது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது ஒரு சன்னலைச் சேர்ப்பது எளிது; கட்டி முடித்தபின் சுவரை உடைப்பது கடினம். புதிய படிப்பு எப்பெயரில் அமைந்தாலும் கீழ்க்காணும் ஐந்தும் அதன் விதிகளில் இடம்பெறுவது நல்லது.

1. குழந்தை, வளரிளம் பருவப் பிரிவில் குறைந்தபட்சப் பணிக்காலம் வாரக் கணக்கில் எழுதப்பட வேண்டும். முன்பள்ளி வயது, பள்ளி வயது, வளரிளம் பருவம் ஆகிய மூன்றும் அதில் அடங்க வேண்டும்.

2. பள்ளியில் பணியாற்றுவது பயிற்சியின் பகுதியாக வேண்டும். வகுப்பில் அமர்ந்து கவனித்தல், ஆசிரியரோடு கலந்து பேசுதல், அறிக்கையை ஆசிரியருக்குப் புரியும்படி தாய்மொழியில் எழுதுதல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இருக்க வேண்டும்.

3. மேற்பார்வைக்கு வாராந்திர மணிக்கணக்கு வரையறுக்கப்பட்டு, பயிற்சியாளரின் பதிவேட்டில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்க்கும் பயிற்சியாளருக்குக் குழந்தைகளோடு பணியாற்றும் மூத்தவரே மேற்பார்வையாளராக இருக்க வேண்டும்.

4. எல்லா நிறுவனங்களிலும் உதவித்தொகை கட்டாயமாக வேண்டும். உயர்ந்த கட்டணம் செலுத்தி, இரண்டாண்டு முழுநேரமாக ஊதியமின்றி உழைக்க வசதியுள்ளவரே இத்துறைக்கு வர முடியும் என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டையும் பேச்சையும் அறிந்தவர்கள் இத்துறைக்கு வரமாட்டார்கள்.

5. பதிவேட்டில், பயிற்சியாளர் குழந்தைகள் பிரிவில் செய்த பணியின் அளவு குறிக்கப்பட வேண்டும். பெற்றோரும் இளைஞர் நீதிக் குழுமமும் அதைப் பார்த்து முடிவு செய்ய இயலும்.

முடிவாக

இந்தியாவின் மருத்துவ உளவியல் பயிற்சி, கண்காணிப்பில் செய்து கற்கும் முறையை எழுபது ஆண்டுகளாகக் காத்துவந்துள்ளது. அது அதன் வலிமை. எவரிடம் செய்து கற்கிறார் என்பதை வரையறுக்காமல் விட்டது அதன் குறை. குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டங்கள் உளவியலருக்குக் கொடுத்துவிட்டன. குழந்தைகளோடு பழகும் காலத்தையும் பயிற்சி விதிகள் உறுதிசெய்ய வேண்டும்.

பெற்றோர் ஒன்றைச் செய்யலாம். பிள்ளையை அழைத்துச் செல்லும்போது உளவியலரின் மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். குழந்தைகள் பிரிவில் எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்றவர் இக்கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார். ஆசிரியர்கள், மாணவரின் நோட்டுகளில் இரண்டு மூன்றைப் பெற்றோரிடம் கொடுத்து அனுப்புங்கள். எந்தச் சோதனைத் தாளும் சொல்லாத செய்தி அவற்றில் இருக்கும்.